பந்திக்கு முன்னே உப்புப் பார்ப்போம்

மூன்றாமாண்டு, கணினி அறிவியல்

ஆடி மாதத்தில் எங்கள் குலதெய்வத்துக்குப் படையல் போடுவது வழக்கம். அன்று காலை முதல் அடுப்படியில் என் தாயார் ஆட்சிதான். சாமிக்கு வைக்கும் முன்னர் எதையும் வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. ஆயினும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து படையல் குழம்பில் உப்பு மிகுந்ததும் இல்லை, குறைந்ததும் இல்லை. "ருசி பார்க்காம எப்படிம்மா சரியா வருது?" என்று ஒருமுறை கேட்டேன். "இத்தனை பேருக்கு இத்தனை பருப்பு, அதுக்கு இத்தனை உப்புன்னு கணக்கு இருக்கு. கொதி வாசனையிலேயே பாதி தெரிஞ்சிடும். எதுக்கும் இருக்கட்டும்னு உங்க பெரியம்மாவையும் கூப்பிட்டு ஒருவாட்டி மோந்து பார்க்கச் சொல்லிடுவேன்" என்றார்.

அந்த விடையில் எவ்வளவு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது என்பதைக் கணினிப் பாடம் படிக்க வந்த பிறகே உணர்ந்தேன். உண்பவர் இலையில் அமர்வதற்கு முன்பே, சமைத்தவர் முறையாகச் சோதித்துத் தம் குறையைத் தாமே கண்டுகொள்ள முடியும். குழம்புக்கு மட்டுமா இது பொருந்தும்? விண்ணப்பப் படிவம், வாக்குச்சீட்டு, பணம் எடுக்கும் இயந்திரம், கைபேசித் திரை என்று மக்கள் கையாளப் போகும் எதற்கும் இது பொருந்தும். ஒன்றை வடிவமைப்பவர், அதை மக்கள் கையில் கொடுத்துச் சோதிப்பதற்கு முன்பாகவே, அதைக் கையாள்வது எளிதா கடினமா என்று தாமே மதிப்பிட்டாக வேண்டும். அப்படிச் செய்யாமல் மக்கள் முன் கொண்டுபோய் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து. இவ்வளவு கடுமையான சொல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

ஒரு பொத்தான் விழுங்கிய ஓராண்டு

என் சித்தி மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். சித்தப்பா மறைந்த பிறகு சித்தி கூலி வேலைக்குச் சென்று அவளைப் படிக்க வைத்தார். கல்லூரியில் சேர இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் ஊரில் அதற்கு வசதி இல்லை. சித்தி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறிப் பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போனார். இரண்டு மணி நேரம் அமர்ந்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். சான்றிதழ்களை ஏற்றினாள். கட்டணத்தையும் செலுத்தினாள். பிறகு 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினாள். 'உங்கள் விவரங்கள் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டன' என்று பச்சை எழுத்தில் செய்தி வந்தது. அருகிலே 'சரி' என்பதைக் குறிக்கும் அடையாளமும் இருந்தது. கடைக்காரரும் "முடிஞ்சுதும்மா" என்றார். தாயும் மகளும் மனநிறைவோடு வீடு திரும்பினார்கள்.

ஆனால் அது முடியவில்லை. பச்சைச் செய்திக்கு வெகு கீழே, பக்கத்தை இழுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, 'அடுத்து' என்று ஒரு சிறு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் வரும் பக்கத்தில்தான் 'சமர்ப்பி' என்னும் பொத்தான் இருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. தரவரிசைப் பட்டியல் வெளியான அன்றுதான் அவளுடைய விண்ணப்பம் போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தது. அந்த ஆண்டு அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போனாள்.

செய்தி கேட்டு நான் போயிருந்தபோது அவள் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "நான்தாண்ணே சரியாப் பார்க்கலை. கீழே இன்னொரு பக்கம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. படிச்சும் எனக்கு விவரம் பத்தல."

நண்பர்களே, அவளுக்கா விவரம் போதவில்லை? முடியாத வேலையை 'வெற்றிகரமாக' முடிந்ததாகச் சொன்ன திரைக்கு அல்லவா விவரம் போதவில்லை! டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், அன்றாடப் பொருள்களின் உளவியலைப் பற்றி 1988-இல் ஒரு நூல் எழுதினார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் மக்கள் திகைத்தால் குற்றம் கதவின் அமைப்பில் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆனால் மக்களோ தம்மையே நொந்துகொள்கிறார்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். படிக்காதவர் "நமக்கு எழுத்து வாசனை இல்லையே" என்கிறார். படித்தவர் "நமக்குக் கணினி தெரியவில்லையே" என்கிறார். குறையுள்ள பொருளைச் செய்தவரை யாரும் கேட்பதில்லை. அவர் காதுக்கு அந்தச் செய்தி எட்டுவதும் இல்லை.

'கொடுத்துப் பார்ப்போம்' என்னும் வாதம்

"எதையும் மக்களிடம் கொடுத்துப் பார்த்தால்தானே குறை தெரியும்? தெரிந்த பிறகு திருத்திக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. மக்களை வைத்துச் சோதிப்பதை நான் மறுக்கவில்லை. அது இன்றியமையாதது. ஆயினும் அதற்கு முன்பாக ஒரு படி இருக்கிறது. அந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதைத்தான் மறுக்கிறேன்.

சோதனைக்கு வந்து அமர்பவரும் ஒரு மனிதர். அவர் தம் நேரத்தைத் தருகிறார். தடுமாறும்போது வெட்கப்படுகிறார். ஐந்து பேரை அழைத்து உட்கார வைத்து, அந்த ஐவரும் ஒரே சிறு எழுத்தைப் படிக்க முடியாமல் விழித்தார்கள் என்றால், அந்தச் சோதனையில் நாம் கற்றது என்ன? நாமே பார்த்துத் திருத்தியிருக்க வேண்டிய ஒன்றைக் கண்டுபிடிக்க ஐந்து பேரின் பொழுதைச் செலவழித்தோம். அந்தச் சிறு எழுத்துக்குப் பின்னே ஒளிந்திருக்கும் ஆழமான குறைகள் வெளிவரவே இல்லை. வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தவர் வீட்டுக்குள் என்ன குறை என்று எப்படிச் சொல்வார்?

இன்னொன்றும் உண்டு. சோதனை என்ற பெயரில் யாரையும் அழைக்காமல் நேராக மக்கள் முன் வைத்துவிடும் இடங்களே அதிகம். அங்கே ஒவ்வொரு மாணவியும் ஒவ்வொரு முதியவரும் தமக்குத் தெரியாமலேயே சோதனைக்கு ஆளாகிறார்கள். எண்ணிப் பார்த்த பிறகே செயலில் இறங்க வேண்டும், இறங்கிய பின் எண்ணலாம் என்பது இழுக்கு என்று வள்ளுவப் பெருந்தகை அன்றே சொல்லிவைத்தார். அந்த இழுக்கின் விலையைச் செய்தவர் கொடுப்பதில்லை. என் சித்தி மகள் போன்றவர்கள் கொடுக்கிறார்கள்.

நான்கு கேள்விகள்

பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் இல்லாதபோது, அவருக்கு எங்கே இடறும் என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு முறைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1990-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். வடிவமைப்பை வெறுமனே பார்க்காமல், பயன்படுத்துபவராக நம்மை நினைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக அதில் நடந்து பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் அவர்களே அதை எளிமையாக்கி, ஒவ்வோர் அடியிலும் நான்கு கேள்விகள் கேட்டால் போதும் என்றார்கள். அவற்றை என் சொற்களில் தருகிறேன்.

முதலாவது: இந்த இடத்தில் செய்ய வேண்டியது இன்னது என்று அவருக்குத் தோன்றுமா?

இரண்டாவது: அதைச் செய்வதற்கான வழி அவர் கண்ணில் படுமா?

மூன்றாவது: கண்ணில் பட்டாலும், தாம் விரும்பியதைச் செய்து தருவது இதுதான் என்று அவருக்கு விளங்குமா?

நான்காவது: செய்து முடித்ததும், வேலை எந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறது என்பதை அவர் அறிவாரா?

இப்போது அந்த விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். 'சேமி' என்பதை அழுத்திய பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தோன்றுமா? கட்டணமும் கட்டியாயிற்று, ஆதலால் தோன்றாது. 'அடுத்து' என்ற பொத்தான் கண்ணில் படுமா? திரைக்குக் கீழே மறைந்திருக்கிறது, படாது. பட்டாலும், 'விண்ணப்பத்தை அனுப்பு' என்பதுதான் அதன் பொருள் என்று விளங்குமா? 'அடுத்து' என்றால் அடுத்த விண்ணப்பம் என்றுகூடப் பொருள் கொள்ளலாமே! வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியுமா? பச்சை எழுத்து பொய்யான நிறைவைத் தந்துவிட்டது. ஒரே இடத்தில் நான்கு கேள்விகளுக்கும் 'இல்லை' என்பதே விடை. ஒரு மேசை, ஒரு தாள், ஒரு மணி நேரம் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். பெருஞ்செலவும் வேண்டாம், பேரறிஞரும் வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் ஒதுக்கவில்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு ஓராண்டு போயிற்று.

பெரியம்மாவின் மூக்கு

இரண்டாவது முறை என் தாயாரின் உப்புக் கணக்கைப் போன்றது. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த யாகப் நீல்சன், ரோல்ஃப் மோலிக் என்னும் இருவர் 1990-இல் இதை எடுத்துரைத்தார்கள். அனுபவத்தில் தேறிய சில பொது விதிகளை ஒரு பட்டியலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்து வடிவமைப்பின் ஒவ்வொரு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1994-இல் நீல்சன் அப்பட்டியலைச் செப்பம் செய்து பத்து விதிகளாக அமைத்தார். என்ன நடக்கிறது என்பதை உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும், மக்கள் பேசும் சொற்களையே ஆள வேண்டும், தவறிச் செய்ததை மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும், ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு சொல் கூடாது, பிழை நேர்ந்த பிறகு திருத்துவதைவிட நேராமல் தடுப்பது நன்று, எதையும் மனப்பாடம் செய்ய வைக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. நம் பாட்டிமார்கூட ஒப்புக்கொள்ளும் விதிகள்தாம் இவை!

ஆனால் அவர்களுடைய ஆய்வில் என்னை ஈர்த்த செய்தி வேறு. நான்கு சோதனைகளில் பலரைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லிப் பார்த்தபோது, தனியொருவர் கண்டுபிடித்த குறைகள் சராசரியாக நூற்றுக்கு 20 முதல் 51 வரையில்தான் இருந்தன. ஆகத் தனியொருவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பாதியளவு தப்பிவிடுகிறது. ஆனால் மூன்று பேர் முதல் ஐந்து பேர் வரை தனித்தனியே பார்த்து, பிறகு தங்கள் பட்டியல்களை ஒன்றுசேர்த்தால் விளைவு நன்றாக இருக்கிறது. ஒருவருக்குத் தெரியாதது மற்றவர்க்குத் தெரிகிறது. என் தாயார் பெரியம்மாவை அழைத்து மோந்து பார்க்கச் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? 'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்ற பழமொழியை நாம் வாயளவில் சொல்கிறோம். அவர்கள் அதை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்.

பார்ப்பது வேறு, நடந்து பார்ப்பது வேறு

"நாங்களும் அச்சிடும் முன் நன்றாகப் பார்த்தோமே" என்று சொல்லாத வடிவமைப்பாளர் இல்லை. பார்த்திருப்பார்கள்தாம். ஆனால் அவர்கள் பார்த்தது பொருளின் அழகை. பயன்படுத்துபவர் நடக்கப் போகும் பாதையைப் பார்க்கவில்லை. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு.

2000-ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில் வேட்பாளர்கள் பத்துப் பேர். முதியவர்கள் மிகுந்த பகுதியாதலால் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, பெயர்களை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்து அச்சிட்டார்கள். துளையிட வேண்டிய இடங்களோ நடுவிலே ஒரே வரிசையாக அமைந்தன. இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் நடு வரிசையில் இரண்டாம் துளை கோருக்கு உரியதன்று. அது வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த புக்கானன் என்பவருக்கு உரியது. கோரின் துளை மூன்றாவது.

இடப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, 'நம் ஆள் இரண்டாவது' என்று இரண்டாம் துளையைக் குத்தியவர் வாக்கு புக்கானனுக்குப் போயிற்று. அவ்வட்டாரத்தில் புக்கானன் பெற்ற வாக்குகள் 3,400-க்கும் மேல். ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டதால் செல்லாமற்போன சீட்டுகள் 19,000-க்கும் மேல். மாநிலம் முழுவதிலும் புஷ் வென்ற வேறுபாடோ 537 வாக்குகள். கோருக்குப் போட நினைத்த 2,000-க்கும் மேற்பட்டவர்கள் தவறிப் புக்கானனுக்குப் போட்டுவிட்டார்கள் என்று 2001-இல் வெளியான அரசியல் அறிவியல் ஆய்வு ஒன்று முடிவு கூறியது. அந்தச் சீட்டின் மாதிரி தேர்தலுக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. அதை நிறுத்தும் அளவுக்கு எதிர்ப்பு எதுவும் எழவில்லை. பலர் பார்த்தார்கள். 'நான் கோருக்கு வாக்களிக்க வந்த எழுபது வயதுக் கிழவி' என்று நினைத்துக்கொண்டு விரலை வைத்து நடந்து பார்த்திருந்தால், இரண்டாம் துளையிலேயே விரல் நின்றிருக்கும்.

நம் நாட்டு வாக்குப்பதிவு இயந்திரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பொதுத்தேர்தல் நடந்த 1951-52-லேயே, எழுத்தறியாத மக்களே மிகுதி என்பதை உணர்ந்து வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். இன்றைய இயந்திரத்திலும் பெயர், படம், சின்னம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. அதற்கு நேரே ஒரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் அந்தச் சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்துப் பெட்டியில் ஒப்புகைச்சீட்டு ஏழு விநாடி கண்முன் நிற்கிறது. 'பீப்' ஒலியும் கேட்கிறது. நான் முதன்முதலாக வாக்களித்தபோது எனக்கு முன்னே நின்ற பாட்டி, ஒலி கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். நான்காம் கேள்விக்கு அங்கே விடை இருந்தது. என் சித்தி மகளின் திரையில் அது இல்லை.

தாளிலே போட்ட கணக்கு

"ஆள் வைத்துப் பார்க்காமல் தாளிலே போடும் கணக்கு எப்படி உண்மையாகும்?" என்று ஐயுறுவோர்க்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவில் நைனெக்ஸ் என்றொரு தொலைபேசிக் குழுமம் இருந்தது. தொலைபேசி இணைப்பாளர்களுக்கு அது புதிய கணினி மேசைகளை வாங்க எண்ணியது. புதியதில் திரை வேகமாக வரும், விசைகளைத் தட்டும் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே வேலை விரைவாக முடியும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஓர் அழைப்புக்கு ஒரு நொடி மிச்சமானால் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் மிச்சமாகும் என்பது அவர்கள் மதிப்பீடு.

வேய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் என்னும் ஆய்வாளர்கள், இணைப்பாளர் கேட்பது, பேசுவது, பார்ப்பது, விசை தட்டுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைத் தாளில் வரைந்து கணக்கிட்டார்கள். புதிய மேசை ஓர் அழைப்புக்கு 0.63 நொடி தாமதமாகும் என்று விடை வந்தது! பணியாளர்களை வைத்து மாதக்கணக்கில் நடந்த களச்சோதனையில் தெரியவந்த தாமதம் 0.65 நொடி. 1993-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. காரணம் என்ன? புதிய மேசை மிச்சப்படுத்திய தட்டுகள் அழைப்பின் தொடக்கத்தில் இருந்தன. அப்போது இணைப்பாளர் எப்படியும் பேசிக்கொண்டுதான் இருப்பார். ஆகவே அங்கே மிச்சமாவது மிச்சமே இல்லை. ஆனால் அழைப்பின் முடிவில், வேறு வேலை இல்லாமல் காத்திருக்கும் இடத்தில், ஒரு தட்டு கூடியிருந்தது. களச்சோதனை 'தாமதம்' என்று மட்டுமே சொல்லும். தாளில் போட்ட கணக்குத்தான் 'ஏன் தாமதம்' என்பதையும் சொல்லியது. முன்மதிப்பீட்டின் பெருமை இதிலேதான் இருக்கிறது.

எங்கள் அனுபவம்

ஊருக்கு உபதேசம் செய்யும் நானும் இதில் அடிபட்டவன்தான். இந்த ஆண்டு எங்கள் குழுவினர் நால்வர், செய்முறைத் திட்டத்துக்காக நம் கல்லூரி நூலகத்தில் நூல் தேடும் ஒரு கணினி நிரலை எழுதினோம். பெரும்பகுதி எழுதியவன் நான். 'மாணவர்களை அழைத்துக் காட்டலாமா?' என்று பெருமிதத்தோடு துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நால்வரும் தனித்தனியாக உட்கார்ந்து குறைகளை எழுதுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. நாளை நான்கையும் சேர்த்துப் பார்ப்போம்" என்றார்.

நான் எழுதியவை ஆறு. நான்கு தாளையும் சேர்த்தபோது வந்தவை பத்தொன்பது! 'தேடு' என்பதை அழுத்தியபின் சில நொடிகள் திரையில் எந்த அசைவும் இல்லை. மாணவர் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அழுத்துவார். 'எண்ணைத் தருக' என்று கேட்டிருந்தேன். அது பதிவெண்ணா, நூலக அட்டை எண்ணா? ஒரு பக்கத்தில் 'சரி' இடப்புறம், இன்னொரு பக்கத்தில் வலப்புறம். இவற்றில் ஒன்றுகூட என் தாளில் இல்லை. எழுதியவனுக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிகிறது. அதுதான் ஆபத்து. அன்று எனக்குச் சற்றுத் தலைகுனிவுதான். ஆனால் நூறு மாணவர் முன்னே நேர வேண்டிய தலைகுனிவு நான்கு பேரோடு முடிந்தது.

எல்லாவற்றையும் திருத்திவிட்டு நூலக உதவியாளர் ஐயாவிடம் கொடுத்தோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க வர்ற பசங்க புத்தகப் பேரு சொல்ல மாட்டாங்க. 'பொருளியல் சார் சொன்ன பச்சை அட்டைப் புத்தகம்'னுதான் கேப்பாங்க. அதை இதுல எப்படித் தேடுறது?" என்றார். நாங்கள் வாயடைத்து நின்றோம். பத்தொன்பது குறைகளைக் கண்டவர்களுக்கு இந்த இருபதாவது தெரியவில்லை. அது எந்தப் பட்டியலிலும் இருக்காது. முப்பதாண்டு அந்த மேசையில் அமர்ந்தவருக்கு மட்டுமே தெரியும். பிறகுதான் ஆசிரியர் பரிந்துரைத்த நூல்களைத் துறைவாரியாகக் காட்டும் ஒரு பகுதியைச் சேர்த்தோம்.

ஆகவே முன்மதிப்பீடு போதும், மக்களிடம் போக வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முன்மதிப்பீட்டில் சில வேளை குறையல்லாததையும் குறையென்று எழுதிவிடுவோம். உண்மைக் குறை தப்பிப் போவதும் உண்டு. படையல் முடிந்து பந்தியில் அமர்ந்து உண்பவரே கடைசி நீதிபதி. ஆனால் அந்தப் பத்தொன்பதையும் முன்னரே களைந்திருந்ததால்தான், உதவியாளர் ஐயா நேராக இருபதாவதற்கு வர முடிந்தது. இல்லையேல் 'எண்ணைத் தருக' என்ற இடத்திலேயே அவர் நின்றுபோயிருப்பார். நாங்களும் "அவருக்குக் கணினி பழக்கமில்லை" என்று சொல்லித் தப்பித்திருப்போம்.

நாம் செய்யக் கூடியது

இது கணினித் துறைக்கு மட்டும் உரிய செய்தி என்று பிற துறை நண்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நம்மில் பலர் நாளை அலுவலகங்களில் அமரப் போகிறவர்கள். படிவம் தயாரிப்போம், அறிவிப்பு எழுதுவோம், வரிசை அமைப்போம். நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். எந்த விண்ணப்பமும், எந்த அறிவிப்பும் அச்சுக்குப் போகும் முன், அதனோடு தொடர்பில்லாத மூவரிடம் தனித்தனியே கொடுத்து அந்த நான்கு கேள்விகளையும் கேட்கச் சொல்லலாம். அம்மூவரில் ஒருவர் தமிழ்த்துறையினர், ஒருவர் வணிகவியல் துறையினர், ஒருவர் முதலாண்டு மாணவர் என்று இருந்தால் இன்னும் நன்று. செய்முறைத் திட்ட அறிக்கையில், 'பிறரிடம் கொடுக்கும் முன் நாங்களே கண்ட குறைகள்' என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என ஆசிரியப் பெருமக்கள் விதித்தால், அது எங்களுக்குச் செய்யும் பேருதவி. குறை ஒன்றுமில்லை என்று எழுதிவருபவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தாலும் தவறில்லை!

என் சித்தி மகள் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். அன்று அவளருகில் நான் இருந்தேன். 'சேமி' என்பதை அழுத்திவிட்டு, பச்சைச் செய்தியை நம்பாமல், பக்கத்தைக் கீழே இழுத்து இழுத்துத் தேடினாள். அந்த விரலில் இருந்த நடுக்கத்தை நான் பார்த்தேன். படிவம் மாறவில்லை. அவள்தான் மாறிவிட்டாள். ஓராண்டு மில் வேலை கற்றுக்கொடுத்த பாடம் அது. இன்று அவள் நம் கல்லூரியிலேயே முதலாண்டு மாணவி. இம்மலரை அவளும் படிப்பாள். அவளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தங்கையே, அன்று நீ சரியாகத்தான் பார்த்தாய். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

இனி ஒரு பொருளைச் செய்து பிறர் கையில் கொடுக்கும் முறை நமக்கு வரும். இலையைப் போட்டு, ஆளை அமர்த்தி, சோற்றைப் பரிமாறிய பிறகு உப்பைப் பற்றி யோசிப்பவர்களாக நாம் இருக்க வேண்டாம். கணக்குப் பார்த்து, மோந்து பார்த்து, பெரியம்மாவையும் ஒருமுறை அழைத்துவிட்டுப் பந்திக்குக் கொண்டுவருவோம்.